தேடும் வாய்பாடு பிழைத்தால்...



நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடியில் உள்ளது பாறசாலை. அங்கிருந்து சிறிது தொலைவு சென்றால் களியக்காவிளை, அது தமிழ்நாடு. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பிழைப்பு நாடித் தமிழ்நாட்டிலிருந்து பாறசாலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. எல்லை இன்னதென்று நன்கறிந்த நானே, சென்ற திங்களில் ஒரு மாணவியை எல்லைக்கு அப்பால் தள்ளிவிட்டேன். எவ்வாறு என்று கூறுகிறேன், கேளுங்கள்.

கேரளப் பகுதியில் வாழும் தமிழ் மாணவர்க்குப் பாடநூல் வழங்க நம் மன்றம் முடிவு செய்தது. பட்டியல் எடுக்கும் பணி பௌதிகம் பயிலும் என்னிடம் வந்தது. எக்செல் விரிதாளின் ஒரு தாளில் பெயரும் அஞ்சல் குறியீட்டு எண்ணும் இருந்தன. மற்றொரு தாளில் எல்லையோர ஊர்களின் சிறிய அட்டவணை ஒன்றை நானே அமைத்தேன்: 629001 நாகர்கோவில், தமிழ்நாடு, 629153 களியக்காவிளை, தமிழ்நாடு, 695502 பாறசாலை, கேரளம். இரண்டையும் இணைக்க ‘விலுக்அப்’ என்னும் தேடும் வாய்பாட்டை எழுதினேன்.

இவ்வாய்பாட்டுக்கு நான்கு உறுப்புகள் உண்டு. எதைத் தேடுவது? எந்த அட்டவணையில் தேடுவது? கிடைத்த வரியில் எத்தனையாவது பத்தியில் உள்ளதைத் தருவது? முற்றும் பொருந்த வேண்டுமா, ஏறத்தாழப் பொருந்தினால் போதுமா? நான்காவதை எழுதாது விட்டால், ‘ஏறத்தாழப் போதும்’ என்றே எக்செல் கொள்ளும். நான் விட்டுவிட்டேன்.

நூல் வழங்கிய அன்று முதலாண்டு மாணவி ஒருத்தி வந்து, “அண்ணா, நான் நெய்யாற்றின்கரைதானே? என் பெயர் ஏன் இல்லை?” என்று கேட்டாள். விரிதாளைத் திறந்தேன். அவள் பெயருக்கு நேரே ‘தமிழ்நாடு’ என்றிருந்தது! அவளுடைய எண் 695121. அதை அட்டவணையில் சேர்க்க நான் மறந்திருந்தேன். ஏறத்தாழத் தேடும் வாய்பாடு, எண் கிடைக்காவிடில் அதனினும் சிறியவற்றுள் பெரியதைப் பற்றிக்கொள்ளும். ஆகவே 629153-ஐப் பிடித்தது; அவளைக் களியக்காவிளையில் குடியேற்றியது.

இம்முறை முற்றும் தீயதன்று. 50, 60, 75 என ஏறுவரிசையில் மதிப்பெண் எல்லைகளை எழுதி, 68 பெற்றவனுக்கு 60-இன் தரத்தை அளிக்க அது உதவும். ஆனால் ஊருக்கும் பெயருக்கும் ‘ஏறத்தாழ’ என்பது ஏது? நான்காம் உறுப்பில் 0 இட்டேன். உடனே அவள் வரியில் ‘என்/ஏ’ தோன்றியது. அட்டவணையில் இல்லை என்பதே அதன் பொருள். விடுபட்ட வரியைச் சேர்த்தேன், நெய்யாற்றின்கரை வந்தது, மறுநாளே அவளுக்கு நூல்களும் கிடைத்தன.

இனி, அட்டவணையில் இருந்தும் ‘என்/ஏ’ வந்தால் என் செய்வது? வரிசையாக இவற்றைப் பாருங்கள்.

முதலாவது, எண் எழுத்தாகப் பதிந்திருக்கலாம். பொதுவாக எண் கட்டத்தின் வலப்புறம் ஒட்டி நிற்கும். எழுத்து இடப்புறம் நிற்கும். ‘வேல்யூ’ அதனை எண்ணாக்கும்.

இரண்டாவது, பெயரின் பின்னே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருக்கலாம். ‘டிரிம்’ அதை நீக்கும்.

மூன்றாவது, நம் தமிழுக்கே உரிய இடர். ‘கௌரி’ என்பதைச் சிலர் ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்துக் ‘கெளரி’ எனத் தட்டுகின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கோ வேறு. ‘லென்’ கொண்டு எண்ணினால் முன்னது 4, பின்னது 5.

நான்காவது, வாய்பாட்டைக் கீழே நகலெடுக்கும்போது அட்டவணையின் எல்லையும் கீழே நழுவி, மேல் வரிகள் விடுபடும். எல்லையைத் தேர்ந்து ‘எப் 4’ விசையை அழுத்துங்கள். டாலர் குறிகள் அதை நிறுத்தி வைக்கும்.

ஐந்தாவது, தேடும் பத்தி அட்டவணையின் முதற்பத்தியாக இருத்தல் வேண்டும். விலுக்அப் இடப்புறம் திரும்பிப் பாராது. 2019-இல் அறிமுகமான ‘எக்ஸ்லுக்அப்’ இருபுறமும் பார்க்கும். சொல்லாவிடினும் முற்றும் பொருந்துவதையே தேடும்.

‘என்/ஏ’யைக் கண்டு வெட்கி, ‘இஃப்எரர்’ இட்டு வெற்றிடமாக்கிவிடும் தோழர்கள் உளர். அது நோயை விட்டு நோவை மறைப்பதாகும். நானும் அன்று ‘என்/ஏ’ எனக் கூவிய வரிகளை மட்டும் திருத்தினேன். அமைதியாய் நின்ற வரிகளை நம்பினேன். பிழை அமைதியான வரியில்தான் இருந்தது.

ஆதலின், பட்டியலை வெளியிடுமுன் நீங்கள் நன்கறிந்த பத்துப் பெயர்களையேனும் எடுத்து, விடை சரிதானா என்று கையால் ஒத்துப் பாருங்கள். ‘அறியேன்’ என்னும் விரிதாளுக்கு அஞ்ச வேண்டா. அறிந்ததுபோல் விடை தரும் விரிதாளுக்கே அஞ்சுங்கள்.