வேட்டிக்கு என்ன செருப்பு?

பொங்கல் விழா தேதி வந்ததும் நம்ம வாட்ஸ்அப் குரூப்ல வேட்டிக் கரை என்ன கலர், சட்டை என்ன கலர்னு ஒரு வாரம் பேச்சு ஓடும். காலுக்கு என்ன போடுறதுன்னு மட்டும் யாரும் கேட்க மாட்டாங்க. அன்னைக்குக் காலையில மணவூர் ஸ்டேஷன்ல இறங்குற கூட்டத்தைப் பாருங்க. மேலே ஜரிகை வேட்டி, கீழே நியான் பச்சை ஸ்போர்ட்ஸ் ஷூ. அழகு ஒரு பக்கம் இருக்கட்டும், தப்பான செருப்பு போட்டா வேட்டி அவிழும். அது ஏன்னு முதல்ல பார்ப்போம்.

தொளதொளன்னு இருக்கிற செருப்புல நடக்கும்போது குதிகால் மேலே எழும்பும், செருப்பு கீழேயே நிற்கும். அந்த இடைவெளிக்குள்ள வேட்டியோட பின்பக்க ஓரம் நுழையும். அடுத்த அடியில உங்க மொத்த எடையும் அந்த ஓரத்து மேல இறங்கும். இடுப்புல வேட்டியைப் பிடிச்சு வச்சிருக்கிறது முடிச்சு இல்ல, வெறும் செருகல். அதாவது உராய்வு மட்டும்தான். எது ஜெயிக்கும்னு ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ் படிச்ச யாரும் சொல்லிடலாம். வேட்டி மேல பெல்ட் போட்டா மானம் தப்பிக்கும், கரை கிழியும்.

அதனால முதல் பாடம்: செருப்பைப் போட்டுக்கிட்டு, அப்புறம் வேட்டி கட்டுங்க. நாலு முழமோ எட்டு முழமோ, மாறுறது நீளம்தான். இடுப்புல இருந்து கீழே தொங்குற அகலம் கிட்டத்தட்ட ஒண்ணேகால் மீட்டர், அது எல்லாருக்கும் ஒண்ணுதான். உங்க உயரத்துக்கும் செருப்போட அடிப்பாகம் எவ்வளவு தடிமன்ங்கிறதுக்கும் ஏத்த மாதிரி இடுப்புலதான் அட்ஜஸ்ட் பண்ணணும். முன்பக்கம் பாதத்தோட மேல்பகுதியைத் தொடணும். பின்பக்கம் தரையில இருந்து ஒரு விரல் மேலே நிக்கணும். ஹாஸ்டல்ல வெறுங்காலோட கட்டிட்டு, வெளியில வந்து மூணு சென்டிமீட்டர் ஹீல் உள்ள செருப்பை மாட்டினா கணக்கே மாறிடும்.

ரப்பர் செருப்புக்கு இன்னொரு பிரச்சினை உண்டு. ஒவ்வொரு அடிக்கும் அது பின்னால தட்டி மண்ணையும் தண்ணியையும் மேலே வீசும். மழை பெஞ்ச மறுநாள் வெள்ளை வேட்டியோட பின்பக்கம் பாருங்க, புள்ளிக் கோலம் போட்டு வச்சிருக்கும்.

சரி, ஷூ? ஸ்காட்லாந்துக்காரங்க கில்ட்டுக்கு ஷூதானே போடுறாங்கன்னு கேட்கலாம். கில்ட் முழங்காலோட நின்னுடும். கீழே காலே தெரியும்ங்கிறதால, முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் வர்ற கம்பளி சாக்ஸ் அந்த உடையில ஒரு பாகம். அதுக்குன்னே கில்லி ப்ரோக்னு ஒரு ஷூ உண்டு. முன்னால நாக்கு கிடையாது, நீளமான லேஸைக் கணுக்காலுக்கு மேலே சுத்திக் கட்டணும். அங்கே ஷூவும் சாக்ஸும் துணியும் சேர்ந்து ஒரே டிசைன். நம்ம வேட்டிக்கோ ரெண்டு உயரம். இறக்கி விட்டா கணுக்கால், மடிச்சுக் கட்டினா முழங்கால். பாதி ஏறின கறுப்பு சாக்ஸோட மடிச்சுக் கட்டிப் பாருங்க, ஸ்கூல் யூனிஃபார்ம்ல பேன்ட்டைத் தொலைச்ச மாதிரி இருக்கும். பழைய மெட்ராஸ் வக்கீல்கள் போட்டோவுல கோட், தலைப்பாகை, வேட்டி, ஷூ எல்லாம் ஒண்ணா இருக்கேன்னா, அவங்கள்ல பல பேர் கட்டியிருக்கிறது பஞ்சகச்சம். ஒவ்வொரு காலுக்கும் தனித்தனியா துணி சுத்தியிருக்கும், ஷூ அதுக்கு ஒத்துப்போகும்.

நம்ம சாதாரண வேட்டிக்கு என் ஓட்டு தோல் செருப்புக்குத்தான். அகலமான குறுக்கு வார், கட்டை விரலுக்கு ஒரு வளையம். அந்த வளையம்தான் முக்கியம். விரல் பிடிச்சுக்கும், குதிகாலும் செருப்பும் சேர்ந்தே எழும்பும், ஓரம் உள்ளே போகாது. கொல்ஹாப்பூரி செருப்பு இந்த வகைதான். அதுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சது. வெல்க்ரோ வார் வேண்டவே வேண்டாம், ஜரிகை நூலைப் பிய்ச்சிடும். புதுச் செருப்பு கடிக்கும், அதனால ஒரு வாரம் முன்னாடியே வாங்கி ஹாஸ்டல்லயே போட்டுப் பழகுங்க. கறுப்பை விட பழுப்பு நல்லது, நனைஞ்சு சாயம் போனாலும் வேட்டியில அவ்வளவா தெரியாது.

விழா முடிஞ்சு திருத்தணிக்குப் போற பிளான் இருந்தா பக்கிள் வச்ச செருப்பைத் தவிர்த்துடுங்க. 365 படி ஏறணும்னா கீழேயே கழட்டணும். கூட்டத்துல, வேட்டியோட குனிஞ்சு பக்கிள் அவிழ்க்கிறது தனி வித்தை.

ஆனா யாராவது ஹவாய் செருப்போட வந்தா கலாய்க்காதீங்க. வேட்டியோட நீளத்துக்கும் செருப்புக்கும் இந்த மாநிலத்துல ஒரு பழைய கணக்கு இருக்கு. 1930 டிசம்பர்ல ராமநாதபுரம் பகுதியில ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள் மேல எட்டுத் தடைகள் விதிச்சாங்க. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி இறக்கிக் கட்டக் கூடாது, செருப்பு போடக் கூடாதுங்கிறதெல்லாம் அதுல உண்டு. ஜே.எச். ஹட்டன் இதைப் பதிவு பண்ணியிருக்கார். கணுக்கால் வரைக்கும் வேட்டி, காலுக்கு ஒரு செருப்பு. நாம ஒரு நாள் ஃபேஷனா போடுற இந்த காம்பினேஷன் சில குடும்பங்களுக்குப் போராடிக் கிடைச்சது. எதிர்ப்பக்கமும் நடந்திருக்கு. 2014 ஜூலையில சென்னையில ஒரு கிரிக்கெட் சங்கத்தோட கிளப்ல, வேட்டி கட்டி வந்தார்னு உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனையே உள்ளே விடல. அடுத்த மாசமே சட்டமன்றம் அதுக்கு எதிரா சட்டம் போட்டுச்சு. மீறினா ஒரு வருஷம் வரைக்கும் சிறை, 25,000 ரூபாய் அபராதம்.

கடைசியா மெக்கானிக்கல் மக்களுக்கு: விழா அன்னைக்கு மதியம் ஒர்க்‌ஷாப் இருந்தா பையில பேன்ட்டும் மூடின ஷூவும் கண்டிப்பா எடுத்துட்டு வாங்க. லேத் சக்குல வேட்டி நுனி மாட்டினா, நான் மேலே சொன்ன எந்தச் செருப்பும் காப்பாத்தாது.