மூன்று வேலைக்கு ஒரே மிஷின்

பெங்களூரில் காக்ஸ் டவுன், ஜீவனஹள்ளி, லிங்கராஜபுரம் பக்கத்துத் தெருக்களில் சிறிய வெல்டிங் பட்டறைகள் உண்டு. கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் அங்கே செய்வார்கள்.

அப்படி ஒரு பட்டறை. மேஸ்திரி புது மிஷின் வாங்க நினைத்தார். சீட்டுப் பணம் கைக்கு வந்திருந்தது. கூட வேலை செய்யும் தம்பியிடம் யோசனை கேட்டார்.

"அண்ணே, ஒரே மிஷினில் மூன்று வேலையும் செய்யலாமாம். முன்பக்கம் 200 என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. அதையே வாங்கலாம்."

"மூன்று வேலையும் நமக்கு வருகிறதா தம்பி? முதலில் அதைப் பார்ப்போம்."

நாமும் பார்ப்போம்.

மூன்று வேலைகள்

1. ராடு வெல்டிங். மிஷினில் எம்.எம்.ஏ. என்று எழுதியிருக்கும். கேட், கிரில் வேலைக்கு ஏற்றது. காஸ் வேண்டாம். காற்றடிக்கும் இடத்திலும் செய்யலாம். ஒட்டியபின் ஸ்லாக்கைத் தட்டி எடுக்க வேண்டும்.

2. சி.ஓ.டூ வெல்டிங். மிக் என்று எழுதியிருக்கும். கம்பி, சுருளிலிருந்து தானாக வரும். வேலை வேகமாக நடக்கும். மெல்லிய தகட்டுக்கு நல்லது. காஸ் சிலிண்டர் வேண்டும். காற்றடித்தால் காஸ் கலைந்துவிடும். ஒட்டில் பொத்தல் விழும்.

3. ஆர்கான் வெல்டிங். டிக் என்று எழுதியிருக்கும். எவர்சில்வர் கைப்பிடிக்குச் சுத்தமான ஒட்டு கிடைக்கும். ஆர்கான் சிலிண்டர் தனியாக வேண்டும். கைப்பழக்கமும் வேண்டும். அலுமினியம் ஒட்டுவதற்கு ஏ.சி. கரண்ட் தேவை. விலை குறைந்த பல மிஷின்களில் டி.சி. மட்டும்தான் வரும். இதைக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தகட்டைப் படியுங்கள்

மிஷினின் பின்பக்கம் அல்லது பக்கவாட்டில் ஒரு தகடு ஒட்டியிருக்கும். உண்மையான விவரம் அதில்தான் இருக்கிறது.

பெருக்கல் குறி போன்ற ஓர் எழுத்தைத் தேடுங்கள். அது எக்ஸ். அதன் அருகே நூற்றுக்கு எத்தனை என்று போட்டிருக்கும். 60% என்றால், 10 நிமிடத்தில் 6 நிமிடம் வெல்டிங் செய்யலாம். 4 நிமிடம் மிஷினுக்கு ஓய்வு தர வேண்டும்.

அதன் கீழே ஒரு நேர்க்கோடும், கோட்டின் காலடியில் 2 என்ற எண்ணும் இருக்கும். அது ஐ-2. எத்தனை ஆம்பியர் வரும் என்பதை அது சொல்லும்.

மேஸ்திரி கடையில் இரண்டு மிஷின்களைப் பார்த்தார். விலை ஏறக்குறைய ஒன்றுதான். ராடு வெல்டிங்குக்கான கணக்கை நோட்டில் எழுதிக்கொண்டார்.

மூன்று வேலை மிஷின்:
20% – 200 ஆம்பியர்
60% – 115 ஆம்பியர்
100% – 89 ஆம்பியர்

ராடு, ஆர்கான் மட்டும் உள்ள மிஷின்:
60% – 160 ஆம்பியர்
100% – 124 ஆம்பியர்

"பார்த்தாயா தம்பி? 200 ஆம்பியரில் இது 2 நிமிடம்தான் ஓடும். 8 நிமிடம் சும்மா நிற்கும். நாம் பத்து நம்பர் ராடுக்கு 110 ஆம்பியர் வைக்கிறோம். அதற்கும் ஓய்வு கேட்கும். மற்றது நிற்காமல் ஓடும்."

"அப்போ சின்ன எண் போட்டதுதான் பெரிய மிஷினா அண்ணே?"

"நம் வேலைக்கு அப்படித்தான்."

தகட்டுக் கணக்கு 40 டிகிரி வெப்பத்துக்குப் போட்டது. தகரக் கூரையின் கீழ் அதற்கு மேலும் சூடு ஏறலாம். அப்போது ஓய்வு இன்னும் அதிகம் வேண்டும். மிஷின் சூடாகி நின்றால் சுவிட்சை அணைக்காதீர்கள். உள்ளே இருக்கும் விசிறி ஓடட்டும். சூடு தணியும்.

மின்சாரத்தையும் பாருங்கள். தகட்டில் 230 என்று இருந்தால் சிங்கிள் பேஸ். 400 அல்லது 415 என்று இருந்தால் மூன்று பேஸ். உங்கள் இணைப்பு எது, எத்தனை லோடு தாங்கும் என்று முதலில் பெஸ்காம் அலுவலகத்தில் கேளுங்கள்.

நன்மையும் குறையும்

மூன்று வேலை மிஷின் இடத்தை அடைக்காது. மூன்று மிஷின் வாங்குவதைவிடச் செலவு குறைவு. தகட்டு வேலையும் கைப்பிடி வேலையும் மாறி மாறி வரும் பட்டறைக்கு அது நல்லது. ஆனால் உள்ளே போர்டு போய்விட்டால் மூன்று வேலையும் ஒன்றாக நின்றுவிடும். ஆகவே ரிப்பேர் எங்கே செய்வார்கள், உதிரி பாகம் கிடைக்குமா என்று கேட்டபிறகு பணம் கொடுங்கள்.

மேஸ்திரி தன் வேலை நோட்டைப் புரட்டினார். மூன்று மாதத்தில் 20 வேலை. கேட், கிரில் 16. எவர்சில்வர் கைப்பிடி 3. தகட்டுப் பெட்டி 1. இரண்டாவது மிஷினை வாங்கினார். எழுதி வைத்த கணக்கு சீட்டுப் பணத்தைக் காப்பாற்றியது.

செய்து பாருங்கள்

1. தகட்டில் 40% என்று இருக்கிறது. 10 நிமிடத்தில் எத்தனை நிமிடம் வெல்டிங் செய்யலாம்? எத்தனை நிமிடம் ஓய்வு?

2. காற்றடிக்கும் மாடியில் கிரில் ஒட்ட வேண்டும். மூன்றில் எந்த வெல்டிங் ஏற்றது? ஏன்?

3. உங்கள் வீட்டில் மிக்ஸி, மோட்டார் இருக்கிறதா? அவற்றின் தகட்டில் உள்ள எண்களைப் படித்து நோட்டில் எழுதுங்கள்.