ஜப்பானில் துப்பாக்கி உரிமம்

துப்பாக்கி வைத்திருத்தல் குடிமக்களின் பிறப்புரிமையா, அன்றி அரசு அவர்கள்மீது வைக்கும் நம்பிக்கையா? ஜப்பானியச் சட்டம் இரண்டாவதையே விடையாகக் கொள்கிறது. 1588இல் ஹிதேயோஷி என்னும் ஆட்சித்தலைவர் உழவர்களின் வாள்களையும் துப்பாக்கிகளையும் பறிமுதல் செய்த நாடு அது. 1958ஆம் ஆண்டுச் சட்டமோ, படைக்கலத்தைப் பொதுவாகத் தடைசெய்து, விதிவிலக்காகவே உரிமம் வழங்குகிறது.

வேட்டைக்கோ விளையாட்டுக்கோ துப்பாக்கி வேண்டுவோர் முதற்கண் வகுப்பில் அமர்ந்து பயின்று, எழுத்துத் தேர்வில் தேற வேண்டும். பின்னர் மனநலம் குறித்த மருத்துவச் சான்றும், குறிபார்த்துச் சுடும் தேர்வும் உண்டு. விண்ணப்பித்தவரின் ஒழுக்கம் பற்றிக் காவல்துறையினர் குடும்பத்தாரிடமும் அண்டை அயலாரிடமும் வினவுவர். கைத்துப்பாக்கியோ, போட்டி வீரர் சிலர்க்கன்றிப் பிறர்க்கு இல்லை.

உரிமம் பெற்றதோடு கடமை முடிவதில்லை. துப்பாக்கியையும் தோட்டாக்களையும் தனித்தனியே பூட்டி வைத்தல் வேண்டும். ஆண்டுதோறும் காவல்துறையின் சோதனைக்கு உட்படுத்தல் வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பித்தல் வேண்டும்.

எனினும், 2022இல் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயின் உயிரைப் பறித்தது வீட்டிலேயே செய்யப்பட்ட துப்பாக்கி. எந்த உரிமத் தேர்வையும் அது சந்திக்கவில்லை. மாணவச் செல்வங்களே! சட்டம் கருவியைத் தடுக்கும். கருவியை நாடும் சினத்தைத் தணிப்பது வீட்டின் கடமை, கல்விக்கூடத்தின் கடமை.