கல்யாணப் பூ அலங்காரமும் மறுநாள் குப்பையும்

ரயில் பெட்டிப் பராமரிப்பில் பழகியவர்கள், ஒரு பாகத்தைப் பொருத்துவதற்கு முன்பே அதை எப்படிக் கழற்றுவது என்று கேட்டுக்கொள்வார்கள். கல்யாண மேடைக்குப் பூ அலங்காரம் பேசும்போதும் இந்தக் கேள்வி உதவும். முகூர்த்தமும் பந்தியும் முடிந்ததும், அடுத்த நிகழ்ச்சிக்காக மண்டபத்தை அவசரமாகக் காலி செய்வார்கள். பூ, நைலான் கயிறு, கம்பி, ஜிகினா, தெர்மோகோல், பச்சை ஸ்பாஞ்ச் எல்லாம் ஒரே மூட்டையாகிவிடும். அந்த மூட்டை எங்கே போகிறது?

செம்பூர் அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1927 முதல் மும்பையின் குப்பை கொட்டப்பட்டுவந்த தேவ்னார் மேடு அவர்களுக்கு அருகிலேயே இருக்கிறது. 2016 ஜனவரி இறுதியில் அங்கே பற்றிய தீயின் புகை நாட்கணக்கில் வீடுகளுக்குள் வந்தது. குப்பை மேட்டின் அடியில் காற்றில்லாமல் அழுகும் ஈரக் குப்பையிலிருந்து மீத்தேன் உண்டாகிறது. அது எளிதில் தீப்பற்றும் வாயு. ஆகவே, "பூதானே, மக்கிவிடும்" என்பது பாதி உண்மைதான். காற்றோட்டத்துடன் மக்கினால் உரம். பிளாஸ்டிக்குடன் மூட்டையில் புதைந்தால் வாயு.

பச்சை ஸ்பாஞ்ச் என்பது என்ன?

மேடை அலங்காரத்தில் பூத்தண்டுகளைக் குத்திவைக்கும் பச்சைக் கட்டியைப் பார்த்திருப்பீர்கள். 1954-இல் அமெரிக்காவில் ஸ்மிதர்ஸ் நிறுவனத்தார் அறிமுகம் செய்தது. ஃபீனால், ஃபார்மால்டிஹைடு ஆகியவற்றிலிருந்து செய்யும் பிளாஸ்டிக் நுரை அது. தண்ணீரை நன்கு உறிஞ்சிவைக்கும். ஆனால் ஒரு முறைதான் பயன்படும். கையால் அழுத்தினாலே தூளாகும். அந்தத் தூள் மக்காமல் நீரில் கலக்கும். இங்கிலாந்தின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி 2021 முதல் தன் மலர்க் கண்காட்சிகளில் இதைத் தடை செய்துவிட்டது. நம் நாட்டிலும் 2022 ஜூலை 1 முதல் அலங்காரத்துக்கான தெர்மோகோல் தடை செய்யப்பட்டுள்ளது. மணமக்கள் பெயரைத் தெர்மோகோலில் வெட்டி ஒட்டும் வழக்கத்தை இனியாவது விடுவோம். துணியிலோ அட்டையிலோ எழுதினால் போதும்.

மாற்று வழி

ஸ்பாஞ்ச் ஏன் தேவைப்படுகிறது? வெட்டிய தண்டு தண்ணீர் கேட்கிறது. உயரத்தில் பாத்திரம் வைக்க முடிவதில்லை. எனவே விதி எளிது: தண்ணீர் கேட்கும் பூ கீழே, கேட்காத பூ மேலே.

ஜெண்டு என்று இங்கே சொல்லும் செண்டுமல்லி, தொடுத்த சம்பங்கி, மாவிலை, தென்னங்குருத்துத் தோரணம் இவையெல்லாம் தண்ணீர் இல்லாமலே ஒரு நாள் தாங்கும். மேடையின் மேற்புறத்தையும் தூண்களையும் இவற்றால் அலங்கரிக்கலாம். ரோஜா, ஜெர்பரா போன்றவை கீழே, தண்ணீர் உள்ள பாத்திரத்தில் இருக்கட்டும். பாத்திரத்தினுள் கோழி வலையைச் சுருட்டி வைத்தால் தண்டு சாயாது. வலையைக் கழுவிப் பல முறை பயன்படுத்தலாம்.

குத்திவைத்தே ஆக வேண்டுமென்றால், வாசலில் கட்டும் வாழை மரமே போதும். அதன் எடையில் பெரும்பங்கு தண்ணீர்தான். அரை அடித் துண்டுகளாக நறுக்கி, சிறிது தண்ணீர் ஊற்றிய தட்டில் நிறுத்துங்கள். மெல்லிய தண்டுகளுக்கு மூங்கில் குச்சியால் முதலில் துளையிட வேண்டும். ஒரு நாள் விழாவுக்கு இது தாராளம்.

பூத்தொடுக்க வாழை நார் இருக்கிறதே! காய்ந்த பட்டையிலிருந்து கிழித்து, தண்ணீரில் நனைத்தால் துவண்டு கைக்கு வரும். நார் கிடைக்காவிட்டால் பருத்தி நூல். கனமான சரங்களுக்குச் சணல் சுத்லி. இவையனைத்தும் பூவோடு மக்கக்கூடியவை. மாவிலைக்கும் பூவுக்கும் மாட்டுங்கா நிலையத்தருகே உள்ள கடைகள், மொத்தமாக வேண்டுவோர்க்குத் தாதர் பூச்சந்தை என்று வசதி நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

விழாவுக்குப் பிறகு

விநாயகர் சதுர்த்தியில் மாநகராட்சி நிர்மால்யத்தைத் தனிக் கலசங்களில் சேகரித்து உரமாக்குவதை அறிவோம். சித்திவிநாயகர் கோயில் பூக்களிலிருந்து துணிச்சாயம் எடுப்பவர்களும் இதே மும்பையில் இருக்கிறார்கள். பிரித்து வைத்தால் பூவுக்கு மதிப்புண்டு. உங்கள் குடியிருப்பிலேயே செய்வதானால், துளையிட்ட டிரம்மில் ஒரு பங்கு பூவுக்கு ஒரு பங்கு காய்ந்த சருகு கலந்து போடுங்கள். பிழிந்த துணி அளவுக்கு ஈரம் இருக்கட்டும். வாரம் ஒரு முறை கிளறிவிட்டால் சில மாதங்களில் உரம் தயார். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று பொருள், சருகைக் கூட்டுங்கள்.

காண்ட்ராக்டரிடம் கேட்க வேண்டியவை

அட்வான்ஸ் கொடுக்கும் முன் இந்த நான்கு கேள்விகளையும் கேட்டுவிடுங்கள்:

1. பச்சை ஸ்பாஞ்ச், தெர்மோகோல், பிளாஸ்டிக் பூ இல்லாமல் செய்ய முடியுமா?
2. சரங்களை எதில் தொடுப்பீர்கள்?
3. அந்தப் பருவத்தில் அருகில் விளையும் பூக்கள் எவை?
4. மேடையைப் பிரிக்கும்போது பூவைத் தனியாக எடுத்துத் தர யார் பொறுப்பு?

நான்காவதுதான் முக்கியம். மற்ற மூன்றும் சரியாக அமைந்து இது மட்டும் தவறினால், பூ மீண்டும் பிளாஸ்டிக் மூட்டைக்குள்தான் போகும். வீட்டில் இரண்டு இளைஞர்களிடம் இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். நான்கு சாக்குப் பைகளும் ஒரு கத்தரிக்கோலும் போதும். நம் பாட்டிமார் செய்த அலங்காரத்தில் மறுநாள் தூக்கியெறியும் குப்பை என்று எதுவும் இருந்ததில்லை. வாழை மரத்தையும் மாவிலையையும் மும்பை வரை கொண்டுவந்த நாம், அந்தச் சிக்கனத்தையும் நம் பிள்ளைகளுக்குக் கொடுத்துச் செல்வோம்.