ஜப்பானில் நண்பர்களோடு கரோக்கே: உற்சாகப் பாட்டு தேர்ந்தெடுக்க 10 குறிப்புகள்

ஜப்பானில் கரோக்கே என்றால் பெரும்பாலும் மேடை கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு நாலைந்து பேர் உட்காரும் சின்ன அறை. அரை மணிக்கு இவ்வளவு, ஒரு மணிக்கு இவ்வளவு என்று வாடகை. கேட்பவர்கள் எல்லாரும் நம் கூட்டாளிகள்தான். அதனால் நம் குரல்வளத்தைக் காட்டும் பாட்டைவிட, மற்றவர்களின் வாயையும் கையையும் சும்மா இருக்க விடாத பாட்டே அங்கே எடுபடும். படிப்புக்கோ வேலைக்கோ அங்கே போயிருப்பவர்களுக்குச் சில யோசனைகள்.

1. முதலில் பல்லவியைக் கவனியுங்கள். அதை அங்கே ‘சாபி’ என்பார்கள். த புளூ ஹார்ட்ஸ் குழுவின் ‘லிண்டா லிண்டா’ (1987) நல்ல உதாரணம். தலைப்பையே திரும்பத் திரும்பச் சொல்லும் பல்லவி என்பதால், ஜப்பானிய மொழி தெரியாதவரும் இரண்டாவது தடவை சேர்ந்துகொள்வார். தொடக்கம் மட்டும் மெதுவாக வரும், அங்கே அவசரப்படாதீர்கள்.

2. அறையில் இருப்பவர்களின் வயதைப் பாருங்கள். ஐம்பதைத் தாண்டிய மேலதிகாரி இருந்தால் பிங்க் லேடி இரட்டையரின் ‘யூஃபோ’ (1977), நாற்பதுகளில் இருப்பவர்களுக்கு ஸார்டின் ‘மகேனைதே’ (1993), இளைஞர்களுக்கு யோஆசோபியின் ‘ஐடல்’ (2023). கலவையான கூட்டம் என்றால் பழைய பாட்டே பாதுகாப்பு. அப்பா அம்மா பாடக் கேட்டு இளையவர்களுக்கும் அது தெரிந்திருக்கும். புதுப் பாட்டு பெரியவர்களுக்குத் தெரியாமல் போகலாம்.

3. கை அசைவு உள்ள பாட்டு ஒன்றைக் கையிருப்பில் வைத்திருங்கள். சைஜோ ஹிதெகியின் ‘யங் மேன்’ (1979) அமெரிக்கப் பாட்டான ‘ஒய்எம்சிஏ’யின் ஜப்பானிய வடிவம். நான்கு எழுத்தையும் கைகளால் காட்டினால் போதும்; பாட வெட்கப்படுகிறவரும் எழுந்து நிற்பார். ஏகேபி 48 குழுவின் ‘கோய்சுரு ஃபார்ச்சூன் குக்கி’ (2013), ஹோஷினோ கெனின் ‘கோய்’ (2016) இரண்டின் ஆட்டமும் ஊரறிந்தது.

4. எல்லாரும் சேர்ந்து குரல் கொடுக்கும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பீஸ் இரட்டையரின் ‘அல்ட்ரா சோல்’ (2001) பாட்டில் தலைப்பைப் பாடி முடித்ததும் வரும் ஒரே ஒரு ‘ஹேய்’க்காக அறையே காத்திருக்கும். பல கடைகளில் டாம்பரினும் மராக்காஸும் கிடைக்கும். பாட மாட்டேன் என்று அடம்பிடிப்பவர் கையில் அதைக் கொடுத்துவிடுங்கள்.

5. வேகமும் உற்சாகமும் ஒன்றல்ல. யோஆசோபியின் ‘யோரு நி ககேரு’ (2019) துள்ளலாகத்தான் ஒலிக்கும். ஆனால் மூச்சு விட இடம் தராமல் சொற்கள் ஓடும். கதையும் சாவைச் சுற்றியது. கிரீப்பி நட்ஸின் ‘பிளிங் பேங் பேங் பார்ன்’ (2024) போன்ற ராப் பாட்டுகளையும் வீட்டில் பழகிவிட்டே தொடுங்கள்.

6. அனிமே பாட்டு என்றால் இரண்டாம் சரணத்தைக் கேட்டுவிட்டுப் போங்கள். தொலைக்காட்சியில் வருவது ஏறக்குறைய ஒன்றரை நிமிடம்தான்; கரோக்கேயில் பெரும்பாலும் முழுப் பாட்டும் ஓடும். எவாஞ்சலியன் தொடரின் ‘சான்கோகு நா தென்ஷி நோ தேஸே’ (1995), டிராகன் பால் ஸீயின் ‘சாலா ஹெட் சாலா’ (1989) இரண்டிலும் பலர் தடுமாறுவது இங்கேதான். பழக நேரமில்லையா? முதல் பல்லவி முடிந்ததும் நிறுத்தும் பொத்தானை அழுத்திவிடலாம்.

7. சுருதியை மாற்றத் தயங்காதீர்கள். பாட்டைத் தேடும் டேப்லெட்டிலேயே சுருதியை அரை அரையாக ஏற்ற, இறக்கப் பொத்தான் உண்டு. பெண் பாடிய பாட்டை ஆண் ஒரு ஸ்தாயி கீழே பாடினால் பல சமயம் அடித்தொண்டைக்குப் போய்விடும். நாலைந்து படி ஏற்றினால் சரியாகும். இந்தக் கலை பிறந்ததே பாடுபவருக்காகப் பக்கவாத்தியம் வளைந்து கொடுத்ததில்தான். கோபே நகர மதுக்கூடங்களில் வாடிக்கையாளர்களின் பாட்டுக்கு வாசித்துவந்த இனோவே டைசுகே, தான் போக முடியாத இடத்துக்கும் தன் வாசிப்பு போகட்டும் என்றுதான் 1971இல் ‘எய்ட் ஜூக்’ என்ற இயந்திரத்தை உருவாக்கினார்.

8. வரிகளைத் தமிழில் எழுதிப் பழகுங்கள். ஜப்பானிய மொழியிலும் அ, இ, உ, எ, ஒ என்ற ஐந்து ஒலிகளுக்குக் குறிலும் நெடிலும் உண்டு. ‘மத்தே’ போன்ற ஒற்று இரட்டிப்பும் உண்டு. இரண்டு இடத்தில் மட்டும் கவனம் தேவை. க, த, ப எழுத்துகள் அழுத்தி ஒலிக்கின்றனவா, மெலிந்து ஒலிக்கின்றனவா என்று ஒரு புள்ளி வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். நம் இலக்கணத்தில் மெய்க்கு அரை மாத்திரை. அங்கே ‘ன்’ பெரும்பாலும் ஒரு முழு மாத்திரை பிடிக்கும். அதை விழுங்கினால் தாளம் முந்திவிடும்.

9. வரிசையை மதியுங்கள். ஒருவர் ஒரு பாட்டு என்று சுற்றி வருவதே வழக்கம். பாட்டு நாலு நிமிடம், தேட ஒரு நிமிடம் என்றால் மணிக்குப் பன்னிரண்டு பாட்டு. ஐந்து பேருக்கு ஆளுக்கு இரண்டுதான் தேறும். ஆகவே சோகப் பாட்டை முதல் சுற்றில் எடுக்காதீர்கள். மதிப்பெண் போடும் வசதியையும் அணைத்து வையுங்கள். அது ஓடினால் ஆட்டம் போடுகிறவர்கள்கூடத் திரையில் ஓடும் கோட்டைப் பார்த்து நின்றுவிடுவார்கள்.

10. கடைசிப் பாட்டை முன்பே முடிவு செய்யுங்கள். நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது வரவேற்பிலிருந்து அறைத் தொலைபேசி ஒலிக்கும். அதற்குப் பிறகு இரண்டு பாட்டுக்குத்தான் இடம். கான் பாடிய ‘ஐ வ காட்சு’ (1990) போல, மைக் இல்லாமலும் எல்லாரும் கத்திப் பாடக்கூடிய ஒன்றை அதற்கு ஒதுக்குங்கள். நேரத்தை நீட்டிக்க வேண்டுமானால் அந்த அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள். வெள்ளி, சனி இரவுகளில் அறை கிடைப்பது அரிது.