இணையக் கடைக்கு எந்த மென்பொருள்?

"ஹாஜியார், எங்கட கடையையும் இன்டர்நெட்டில் போடுவதென்றால் எந்த மென்பொருள் நல்லது?" என்று வாசகர்கள் பலர் கேட்கிறார்கள். பிடவை, அபாயா, பாதணி விற்கும் இளம் வியாபாரிகளே இதை அதிகம் கேட்கிறார்கள். மென்பொருளின் பெயருக்குப் போவதற்கு முன்னர், கடை எடுக்கும்போது நாம் யோசிப்பதையே இங்கும் யோசிக்க வேண்டும். அது வாடகைக் கடையா, சொந்தக் கடையா?

வாடகைக் கடை

கனடா நாட்டு நிறுவனமான ஷொப்பிஃபை இவ்வகையைச் சேர்ந்தது. மாதக் கட்டணத்தைச் செலுத்தினால் இடம், பூட்டு, காவல் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். கணனி அறிவு குறைந்தவரும் சில நாட்களில் கடையைத் திறந்துவிடலாம்.

ஆனால் வாடகை டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. அப்போது அடிப்படைத் திட்டம் மாதம் 29 டொலர். 5,800 ரூபா கட்டி வந்தவர், வியாபாரம் ஒரு சதமும் கூடாமலே 10,440 ரூபாவுக்கு மேல் கட்ட வேண்டி வந்தது. 2023இல் அக்கட்டணமும் 39 டொலராக உயர்ந்தது.

இன்னொன்றும் உண்டு. ஷொப்பிஃபையின் சொந்தக் கொடுப்பனவு வசதி இலங்கையில் இல்லை. வேறு நிறுவனத்தின் மூலம் கார்ட் பணம் பெற்றால், அடிப்படைத் திட்டத்தில் விற்பனைத் தொகையில் 2 சதவீதத்தை மேலதிகமாக அறவிடுவார்கள். 10 சதவீத இலாபம் வைத்து விற்பவருக்கு அது இலாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

சொந்தக் கடை

2011இல் வெளிவந்த வூகொமர்ஸ், வேர்ட்பிரஸ் என்னும் இலவச மென்பொருளோடு சேர்ந்து இயங்குவது. இதுவும் இலவசம்தான். ஆனால் செலவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங்குக்கும் டொமைன் பெயருக்கும் வருடாவருடம் பணம் கட்ட வேண்டும். மென்பொருளின் புதிய பதிப்புகளை உடனுக்குடன் ஏற்றவும், பிரதி எடுத்து வைக்கவும் ஆள் வேண்டும். ஏற்றாமல் விட்டால், பூட்டுப் பழுதான கடையைப் போல் கள்வர் புகுந்துவிடுவார்கள். ஓபன்கார்ட், பிரெஸ்டாஷொப் ஆகியனவும் இவ்வகையே. மெஜென்டோ பெரிய நிறுவனங்களுக்கு உரியது. ஆரம்பிப்பவர் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

1. காசு எப்படி வரும்? பேஹியர் போன்ற உள்நாட்டுக் கொடுப்பனவுச் சேவையோடு மென்பொருள் இணையுமா என்று பாருங்கள். நம் மக்களில் பலர் பொருள் கைக்கு வந்த பின்னரே காசு கொடுக்க விரும்புவார்கள். அதற்கும், மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும் கூரியர் கட்டணத்துக்கும் வழி இருக்க வேண்டும்.

2. இருப்பு சரியாகக் கழியுமா? தம்மிடம் இல்லாததை விற்க வேண்டாம் என்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரழி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கூறியதை நாம் அறிவோம். காலையில் கடையில் விற்றுத் தீர்ந்த பொருளுக்கு, மாலையில் இணையத்தில் காசு வாங்கக் கூடாது. இருப்புக் கணக்கு வசதியை முதல் நாளே இயக்குங்கள். கடையில் விற்றதை அன்றன்றே தளத்திலும் கழியுங்கள்.

3. சாவி யார் கையில்? எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரியின் தளத்தைச் செய்து கொடுத்த இளைஞர், டொமைனைத் தன் பெயரிலேயே பதிந்திருந்தார். அவர் வெளிநாடு போன பின், நான்கு வருடமாக மக்களிடம் பழகிய கடைப் பெயர் கைவிட்டுப் போயிற்று. டொமைன் உங்கள் பெயரில் இருக்கட்டும். பிரதான கடவுச்சொல் உங்களிடம் இருக்கட்டும்.

என் அபிப்பிராயம்

வீட்டிலோ கடையிலோ கணனி தெரிந்த, நிலையாக நிற்கக்கூடிய ஒருவர் இருந்தால் வூகொமர்ஸை எடுங்கள். அப்படி யாரும் இல்லாவிட்டால் ஷொப்பிஃபையில் சில மாதங்கள் நடத்திப் பாருங்கள். ஆனால் மாதமொரு முறை பொருள் பட்டியலையும் வாடிக்கையாளர் பட்டியலையும் எக்செலில் திறக்கக்கூடிய கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக் கடையை என்றோ ஒருநாள் விட வேண்டி வரலாம். வாடிக்கையாளரை விட்டுவிடக் கூடாது.

அடுத்த வாரம், பொருட்களைப் படம் பிடிப்பதும் குறைகளை மறைக்காமல் விபரம் எழுதுவதும் பற்றிப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.