டயகனலை மாற்று, தங்கச்சி

மைதானத்தில் குதிரையில் வட்டமடித்துப் பழகிய டிராட் வேறு, நாள் முழுக்கப் பாதையில் போகிற டிராட் வேறு, தங்கச்சி. வட்டத்தில் திசை மாறினால் டயகனலும் மாற வேண்டும் என்று மாஸ்டர் குரல் கொடுப்பார். நேர்ப்பாதையில் அதைச் சொல்ல ஆளில்லை, நீயேதான் நினைவு வைத்துக்கொள்ள வேண்டும்.

டிராட்டில் குதிரையின் கால்கள் குறுக்குச் சோடியாக விழும். இடது முன்னங்காலோடு வலது பின்னங்கால், அடுத்து மற்றச் சோடி. அந்தச் சோடிதான் டயகனல். நீ ஒரு தட்டுக்கு எழுந்து மறு தட்டுக்கு உட்காருகிறாய். ஆகவே நீ மாற்றாவிட்டால் உன் எடை எப்போதும் ஒரே சோடியின் மேல்தான் கூடுதலாக இறங்குகிறது. நிமிடத்துக்கு 80 தடவை என்று வைத்தாலும் ஒரு மணி நேரத்தில் 4,800. அந்தச் சோடி சீக்கிரம் களைத்துவிடும், முதுகும் ஒரு பக்கம் இறுகிப்போகும். உன் இடுப்புக்கும் அதே கதிதான்.

நெடுந்தூரத்தில் குதிரையின் உடல்நிலை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம்: கலிபோர்னியாவில் 1955 முதல் டெவிஸ் கப் என்ற குதிரைச் சவாரிப் போட்டி நடக்கிறது. சியரா நெவாடா மலைப்பாதையில் 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர். ஒரே குதிரையில் 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். வழியில் கால்நடை மருத்துவர்கள் குதிரையை டிராட்டில் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். நொண்டினால் பயணம் அங்கேயே முடிந்தது. முதலில் வரும் பத்துக் குதிரைகளில் உடல்நிலை மிகச் சிறப்பாக உள்ளதற்கு ஹாகின் கப் என்று தனிப் பரிசு உண்டு. என் கணக்கில் முதலிடத்தைவிட அதுதான் பெரியது.

டயகனலை மாற்றுவது எளிது. ஒரு தட்டு கூடுதலாக உட்கார்ந்துவிட்டு எழுந்தால் டயகனல் மாறிவிடும். ஆனால் களைத்த குதிரை என்றால் ஒரு தட்டு கூடுதலாக எழுந்தே இரு. முதுகில் இடி விழாது. எந்தப் பக்கத்தில் இருக்கிறாய் என்று பார்க்கக் குனியாதே, குதிரையின் தோளைக் கண்ணால் மட்டும் பார். கடிகாரத்தை வைத்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் மாற்று. நடக்கவிட்டு மறுபடி டிராட் தொடங்கும்போதெல்லாம் மற்றப் பக்கத்தில் தொடங்கு.

பல குதிரைகளுக்குப் பிடித்த பக்கம் ஒன்று உண்டு. மற்றதில் உட்கார்ந்தால் சவாரி முரடாகத் தெரியும். ஒரு பள்ளம் வந்தால் போதும், உன்னைத் தூக்கிப் பழைய பக்கத்திலேயே போட்டுவிடும். சுகமாக இருக்கிறதே என்று விட்டுவிடாதே. பிடிக்காத பக்கத்தில் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே வா. ஆனால் காலையில் இல்லாத முரடு நடுவழியில் வந்தால், அது பழக்கம் இல்லை, வலி. உடனே இறங்கிக் குளம்பில் கல் சிக்கியிருக்கிறதா என்று பார்.

இன்னொன்று. எப்போதும் இடப்பக்கமிருந்தே ஏறுவதால் இடது அங்கவடி வார் நாளடைவில் நீண்டுவிடும். பிறகு டயகனலை எத்தனை முறை மாற்றினாலும் நீ கோணலாகத்தான் உட்கார்ந்திருப்பாய். வார்களை அவ்வப்போது கழற்றி அளந்து, இடம் வலம் மாற்றிப் போடு.